ஸ்கூல் கார்னிவல்ல ‘நிறுத்துங்க’ன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்

கூடாரம் பறந்தது மத்தியானம் ரெண்டரைக்கு. ஆனா அதோட ஒரு கால் தரைய விட்டு எழும்புறதும் உக்கார்றதுமா இருந்ததை நான் ரெண்டு இருபதுக்கே பாத்துட்டேன். நான் மட்டும் இல்ல, பக்கத்துல ரிங் எறியுற கேம் நடத்திட்டு இருந்த சார் பாத்தார், டோக்கன் கிழிச்சுக் குடுத்துட்டு இருந்த ரெண்டு அம்மாங்க பாத்தாங்க, கூடாரத்துக்குக் கீழயே நின்னு பொரிச்சுட்டு இருந்தவரும் ஒரு தடவை நிமிந்து பாத்துட்டு திரும்ப சட்டியப் பாக்க ஆரம்பிச்சுட்டார். முழுசா பத்து நிமிஷம். அதுக்குள்ள யாராவது ஒருத்தர் "அடுப்ப அணைங்க, கூடாரத்த இறக்குங்க"ன்னு சொல்லிருந்தா ஒண்ணும் ஆகிருக்காது. யாரும் சொல்லல. நானும் சொல்லல. இதெல்லாம் பொறுப்புல இருக்கவங்க பாத்துப்பாங்கன்னு நெனச்சேன், அந்தக் கமிட்டில நானும் ஒருத்திங்கறது அந்த நேரத்துல தோணவே இல்ல.

காத்து ஒரே வீச்சுல நாலு காலையும் தூக்கிருச்சு. கீழ விழும்போது ஒரு இரும்புக் கால் சட்டியோட கைப்பிடில பட்டு, எண்ணெய் அவர் முழங்கைலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் கொட்டிருச்சு. அதுக்கப்பறம் நடந்தது இன்னும் மோசம். ஒருத்தர் டூத்பேஸ்ட் எடுத்துட்டு ஓடி வந்தார், இன்னொருத்தர் ஜூஸ் ஸ்டால்லேர்ந்து ஐஸ் கொண்டு வந்து வெச்சாங்க, கடைசில யாரோ ஒரு குழந்தையோட பாட்டி, முன்னாடி நர்ஸா இருந்தவங்களாம், கூட்டத்த விலக்கிட்டு வந்து அவர் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய் குழாய்க்குக் கீழ நீட்ட வெச்சு இருபது நிமிஷம் எடுக்கவே விடல. தீக்காயத்துக்கு அதுதான் சரி, ஓடுற குளிர்ந்த தண்ணில 20 நிமிஷம், உடனே முடியலன்னா கூட மூணு மணி நேரத்துக்குள்ள காட்டினாலும் பலன் உண்டு, ஐஸும் வேணாம் பேஸ்ட்டும் வேணாம் வெண்ணெயும் வேணாம், அப்பறம் சுத்தமான பிளாஸ்டிக் ஷீட்டால லேசா மூடி ஆஸ்பத்திரி. ஆனா அந்தக் குழாய் ஸ்டால்லேர்ந்து மைதானத்தோட அடுத்த மூலைல இருந்துச்சு. கைய நீட்டிப் புடிச்சுகிட்டே அவர் அவ்ளோ தூரம் நடந்தது இன்னும் என் கண்ணுல இருக்கு. புண்ணு ஆறிருச்சு, தழும்பு போகல.

அன்னிக்கு சாயங்காலம் எல்லாத்தையும் கட்டி வெச்சிட்டு உக்காந்து பேசும்போதுதான் தெரிஞ்சுது, எத்தனை பேர் அந்தக் கால் எழும்பினதப் பாத்திருக்கோம்னு. ஒவ்வொருத்தரா "நானும் பாத்தேன்"னு சொல்ல சொல்ல எனக்கு வயித்தப் பிசைஞ்சுது. ஆபத்து தெரியாம நடக்கல. தெரிஞ்சும் சொல்றதுக்கு ஆள் இல்லாம நடந்துச்சு.

எங்ககிட்ட ரிஸ்க் அசெஸ்மெண்ட் பேப்பர், அதாவது என்னென்ன ஆபத்து வரலாம்னு முன்னாடியே எழுதி வெக்கிற பேப்பர், இருந்துச்சுங்க. இல்லாம இல்ல. நடக்குறதுக்கு எவ்ளோ வாய்ப்புன்னு 1லேர்ந்து 5 வரைக்கும் ஒரு மார்க், நடந்தா எவ்ளோ மோசமா இருக்கும்னு 1லேர்ந்து 5 வரைக்கும் ஒரு மார்க், ரெண்டையும் பெருக்கினா அதிகபட்சம் 25, எது பெருசா வருதோ அத முதல்ல சரி பண்ணணும். நல்ல முறைதான், நான் குறை சொல்லல. ஆனா வீட்டுக்குப் போய் அந்தப் பேப்பர மறுபடி எடுத்துப் படிச்சப்போ ரெண்டு விஷயம் கண்ணுல பட்டுச்சு. மழைக்கு ஒரு வரி இருந்துச்சு, காத்துக்கு வரியே இல்ல. இன்னொண்ணு, ‘என்ன செய்யணும்’ங்கற இடத்துல பாதிக்கு மேல "கவனமா இருக்கணும்"னு எழுதிருந்தோம். எண்ணெய் அடுப்பு, கவனமா இருக்கணும். வண்டி உள்ள வர்றது, கவனமா இருக்கணும். அது யார் கவனம், எதப் பாத்து கவனம், பாத்தப்பறம் என்ன பண்ணணும், ஒண்ணும் இல்ல. எழுதுன எனக்கே இப்போ படிச்சா அர்த்தம் புரியல.

அதனால அடுத்த வருஷம் அந்தப் பேப்பர்ல நிரப்புறதுக்கு ரெண்டு கட்டம் புதுசா சேத்தோம். ஒண்ணு ‘எப்போ நிறுத்தணும்’, அடுத்தது ‘யார் நிறுத்துவாங்க’. அதுல முதல் கட்டத்துல முடிஞ்ச வரைக்கும் நம்பர் இருக்கணும் இல்லன்னா கண்ணால பாத்து தெரியுற மாதிரி ஒரு அடையாளம் இருக்கணும், ரெண்டாவதுல ஒரே ஒரு பேர் இருக்கணும், கமிட்டின்னோ வாலண்டியர்ஸ்னோ எழுதக் கூடாது. அந்த ஆள் சாப்பிடப் போனா யாருன்னும் ஒரு பேர். தலைமையாசிரியை கீழ கையெழுத்துப் போட்டு, இவங்க நிறுத்துங்கன்னு சொன்னா நான் சொன்ன மாதிரின்னு எல்லா ஸ்டால்காரங்க முன்னாடியும் சொன்னாங்க. இந்தக் கடைசி வரிதான் ரொம்ப முக்கியம், ஏன்னு சொல்றேன்.

ரெண்டாவது வருஷம் ஜம்பிங் கேஸில், அதான் காத்து ஊதி நிக்க வெச்சு குழந்தைங்க மேல ஏறிக் குதிக்கிற பெரிய துணிக் கோட்டை, வாடகைக்கு எடுத்தோம். அதுக்கான ஆள் நான். நான் முன்னாடி ஒரு மாசம் அதப் பத்தியே படிச்சேன், ஏன்னா 2021 டிசம்பர் 16 ஆஸ்திரேலியால டாஸ்மேனியா மாநிலத்துல டெவன்போர்ட்ங்கற ஊர்ல ஒரு பள்ளியோட வருஷக் கடைசிக் கொண்டாட்டத்துல ஜம்பிங் கேஸில காத்து தூக்கி, பத்து மீட்டர் உயரத்துலேர்ந்து குழந்தைங்க விழுந்து, ஆறு பேர் இறந்துட்டாங்க. வகுப்பு முடியப் போற சந்தோஷத்துல குதிச்சுட்டு இருந்த குழந்தைங்க. அத படிச்சப்பறம் அந்த பொம்மைக் கலரப் பாத்தாலே எனக்கு அது ஒரு பெரிய பாய்மரம் மாதிரிதான் தெரியுது, நிஜமா அது பாய்மரம்தான், அவ்ளோ பெரிய துணி, உள்ள முழுக்க காத்து, எடை கம்மி.

பிரிட்டன்ல இதுக்கு சொல்ற கணக்கு இதுதான். காத்து வேகம் மணிக்கு 38 கிலோமீட்டர தாண்டினா பயன்படுத்தக் கூடாது, அதுக்குக் கம்மியாவே நிறுத்தணும்னு அந்த மாடலோட புக்ல இருந்தா அத தான் எடுத்துக்கணும். குறைஞ்சது ஆறு இடத்துல கட்டிருக்கணும், அதுக்கு மேல எத்தனை வளையம் இருக்கோ அத்தனையும் கட்டணும். தரைல அடிக்கிற இரும்பு முளை 380 மில்லிமீட்டர் நீளமாவது இருக்கணும், 16 மில்லிமீட்டர் தடிமன், மேல் முனை மழுங்கலா இருக்கணும், சாய்ச்சு முழுசா உள்ள இறங்கணும். சிமெண்ட் தரைன்னா முளை அடிக்க முடியாது, அப்போ ஒவ்வொரு கட்டுக்கும் 163 கிலோ எடை. நாலு செங்கல்லும் ஒரு மணல் மூட்டையும் இதுக்கு கிட்டக்கூட வராது.

காலைல ஏழு மணிக்கு அந்த வாடகைக்காரங்க வந்து விரிச்சாங்க. நான் சுத்தி நடந்து எண்ணினேன், துணில எட்டு வளையம் இருந்துச்சு, நாலுலதான் கயிறு கட்டிருந்தாங்க. கேட்டா "எப்பவும் இப்படித்தான் மேடம் போடுவோம், ஒண்ணும் ஆனதில்ல"ன்னார். நான் சண்டை போடல, பேப்பர காட்டினேன், எட்டும் கட்டினாதான் காத்து ஏத்தலாம்னு எழுதி ரெண்டு தரப்பும் முன்னாடியே ஒத்துக்கிட்டது. முணுமுணுத்துகிட்டே கட்டினார். ஒரு விஷயம் கத்துக்கிட்டேன், வாடகை பேசும்போதே இத எல்லாம் பேசிடணும், விழா அன்னிக்குக் காலைல பேசினா நம்மகிட்ட பேரம் பேசுற பலமே இருக்காது, வாசல்ல குழந்தைங்க வந்து நின்னுரும்.

மத்தியானம் மூணு மணி வரைக்கும் காத்து வேகத்த அளக்குற மீட்டர்ல மணிக்கு 20, 24 கிலோமீட்டர்னு வந்துட்டு இருந்துச்சு. நான் கால் மணிக்கு ஒரு தடவை பாத்து நோட்ல எழுதினேன். இதுல கவனிக்க வேண்டியது, சராசரிய எழுதக் கூடாது, ஒரு நிமிஷம் புடிச்சிருந்து அதுல வந்த பெரிய வீச்ச எழுதணும், ஏன்னா தூக்குறது அந்த ஒத்த வீச்சுதான். மூணு பத்துக்கு 33. நாங்க எங்களுக்குன்னு வெச்சிருந்த நிறுத்துற நம்பர் 30. விசில் ஊதினேன், உள்ள எட்டு குழந்தைங்க, ஒவ்வொண்ணா இறக்கி விட்டு காத்தையும் எறக்கச் சொல்லிட்டேன். சும்மா ஆள இறக்கிட்டு அப்படியே ஊதி விட்டு வைக்கிறதும் தப்புங்க, காலியா இருக்கும்போதுதான் அது இன்னும் லேசு.

வரிசைல அரை மணி நேரமா நின்ன குழந்தைங்க அழுதுச்சு. ஒரு அப்பா என்கிட்ட ரொம்ப கோவமா பேசினார், டோக்கன் காசு திருப்பிக் குடுன்னார், குடுத்தோம். வாடகைக்காரர் "38 வரைக்கும் ஓட்டலாம் மேடம், உங்களுக்கு ஒண்ணும் தெரியல"ன்னார். அன்னிக்குப் பாத்து நாலு மணிக்கெல்லாம் காத்து அடங்கிப் போச்சு. ஒண்ணுமே நடக்கல. அப்பறம் கமிட்டில ஒருத்தர், கெட்ட எண்ணத்துல இல்ல, "தேவையா இருந்துச்சா அது"ன்னு கேட்டாங்க. நான் என்ன பதில் சொல்றது? நடக்காத விபத்த யார்கிட்டயும் காட்ட முடியாது. அங்கதான் அந்தக் கையெழுத்து உதவுச்சு. தலைமையாசிரியை சொன்னாங்க, 30ன்னு நாம எல்லாரும் சேந்து ரெண்டு வாரம் முன்னாடி அமைதியா உக்காந்து முடிவு பண்ணோம், அவங்க அத செஞ்சாங்க, அவ்ளோதான்னு. கூட்டமும் சத்தமும் அழுகையும் இருக்கிற நேரத்துல ஒரு மனுஷிய தனியா முடிவெடுக்க விட்டா நூத்துல தொண்ணூறு தடவை இன்னும் அஞ்சு நிமிஷம் பாப்போம்னுதான் தோணும். எனக்கும் தோணுச்சு. நம்பர் முன்னாடியே இருந்ததால தப்பிச்சேன்.

நிழல் கூடாரத்துக்கும் இதேதான், ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியா எடை கட்டணும், ஒரு கால் எழும்பினாலே இறக்கிடணும், எழும்பி உக்காந்துருச்சேன்னு விடக் கூடாது. முதல் வருஷம் நாங்க நாலு கால்ல ஒண்ணுலதான் கயிறு கட்டிருந்தோம், மேசையோட.

பொரிக்கிற ஸ்டால நிறுத்திடலாமான்னு நான் கேட்டேன். அதுலதான் வசூல் அதிகம், அதனால அது நடக்கல, ஆனா கூடாரத்துக்குக் கீழ வேணாம்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. மைதான ஓரத்துல சுவரோட ஒட்டி, குழாய்க்குப் பக்கத்துல மாத்தினோம், முன்னாடி ரெண்டு மேசை போட்டு வாங்க வர்ற குழந்தை சட்டிக்கு எட்டாத தூரம் வெச்சோம். ஆபத்த இடம் மாத்த முடிஞ்சா அத முதல்ல பண்ணணும், கையுறையும் போர்டும் எல்லாம் அதுக்கப்பறம்தான். எண்ணெய் தீப்புடிச்சா தண்ணி ஊத்தக் கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சுட்டு இருந்தேன், வாலண்டியர் மீட்டிங்ல கேட்டா பாதிப் பேர் பக்கெட்டத்தான் எடுப்பேன்னாங்க. தண்ணி ஆவியாகும்போது கிட்டத்தட்ட 1,700 மடங்கு பெருகும், ஒரு டம்ளர் தண்ணி சட்டிக்குள்ள போனா எரியுற எண்ணெயத் தூக்கி மேல அடிக்கும். கேஸ அணை, மூடியப் போடு, சட்டிய நகத்தாத, இந்த மூணையும் அட்டைல எழுதி அடுப்புக்கு நேர மாட்டினோம், சட்டிக்கு சரியா உக்கார்ற மூடி இருக்கான்னு முந்தின நாளே பாத்தோம். சிலிண்டர் நிமித்திதான் இருக்கணும், ட்யூப்ல சோப்புத் தண்ணி தடவி குமிழி வருதான்னு பாக்கணும். அந்த கேஸ் காத்த விட கனம், கசிஞ்சா மேல போகாது, பள்ளத்துலயும் மேசைக்கு அடியிலயும் தேங்கி நிக்கும்.

கரண்ட் விஷயத்துல எங்களுக்கு ஒரு எலக்ட்ரீஷியன் அப்பா கெடச்சார், புண்ணியம். அவர் சொல்லித்தான் தெரியும், சுருள்ல சுத்தி வெச்ச எக்ஸ்டென்ஷன் ஒயர பாதி மட்டும் இழுத்துட்டு லோட் குடுத்தா மிச்ச சுருள் உள்ளுக்குள்ளயே சூடாகி உருகும், எவ்ளோ தேவையோ அவ்ளோன்னு இல்லாம முழுசா பிரிச்சுடணும்னு. வெளில ஓடுற ஒவ்வொரு லைனுக்கும் 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிஞ்சாலே ட்ரிப் ஆகுற பிரேக்கர் போட்டார். ஜெனரேட்டர கூடாரத்துக்கும் ஜன்னலுக்கும் தள்ளி வெளில வெக்கச் சொன்னார், அதோட புகைல இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே இல்ல.

மேடைப் பந்தலப் பத்தி ஒண்ணே ஒண்ணுதான் சொல்லணும். 1995 டிசம்பர் 23 ஹரியானால டப்வாலில ஒரு பள்ளி பரிசளிப்பு விழால பந்தல் தீப்புடிச்சு 400 பேருக்கு மேல இறந்துட்டாங்க, அதுல குழந்தைங்க ரொம்பப் பேர். செயற்கைத் துணிப் பந்தல், அவ்ளோ கூட்டத்துக்கும் வெளிய போக ஒரு வாசல். நான் இப்போ எந்தப் பந்தலுக்குப் போனாலும், கல்யாணமா இருந்தாலும் சரி, உக்கார்றதுக்கு முன்னாடி ரெண்டாவது வழி எங்கன்னு பாக்குறேன். எங்க பள்ளில மூணு பக்கம் துணி கட்டாம திறந்தே விட்டோம், பாக்க நல்லா இல்லன்னு சொன்னாங்க, பரவால்ல.

சாப்பாடு. இதுல எனக்கு பயம் ஜாஸ்தி, ஏன்னா வீட்லேர்ந்து அன்போட செஞ்சு கொண்டு வர்ற ஒரு அம்மாகிட்ட இத விக்க வேணாம்னு சொல்றது காத்து மீட்டரப் பாத்து விசில் ஊதுறத விட கஷ்டம். அதனால இதுக்கும் நம்பர். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல கிருமிங்க வேகமாப் பெருகும், குளிர்ச்சியா இருக்கிறது 5க்குக் கீழ, சூடா இருக்கிறது 60க்கு மேல, நடுவுல மொத்தமா நாலு மணி நேரம் இருந்துருச்சுன்னா கொட்டிடணும். ஒவ்வொரு பாத்திரத்துலயும் அடுப்ப விட்டு இறக்குன நேரத்த மாஸ்கிங் டேப்ல எழுதி ஒட்டினோம், அதுக்கப்பறம் வாக்குவாதமே வரல. மறுபடி சூடு பண்ணா போதும்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, சாதத்துல அது நடக்காது, ஆறிப் போய் கெடக்குற சாதத்துல ஒரு பாக்டீரியா விஷத்த உண்டாக்கும், அந்த விஷம் கொதிக்க வெச்சாலும் அழியாது. வாந்தி பேதி வந்த வாலண்டியர், அது நின்னு 48 மணி நேரம் ஆகாம சாப்பாட்டு ஸ்டால்ல நிக்கக் கூடாது. அன்னிக்கு ஆள் கொறச்சல், இருந்தாலும் ஒருத்தங்கள பலூன் ஸ்டாலுக்கு மாத்தினோம்.

அலர்ஜில ஒரு தடவை நூலிழைல தப்பிச்சோம். கேக் ஸ்டால்ல ‘நட்ஸ் இல்லாதது’ன்னு தனி தட்டு வெச்சு, தனி போர்டு வெச்சு எல்லாம் சரியா பண்ணிருந்தோம், கூட்டம் கூடினதும் வெட்டுற கத்தி ஒண்ணுதான் இருந்துச்சு, அதே கத்தி ரெண்டு தட்டுக்கும் போயிருச்சு. ஒரு ரெண்டாங்கிளாஸ் பையனோட அம்மா பாத்து தடுத்துட்டாங்க. அவங்க கைப்பைல எப்பவும் அட்ரினலின் ஊசி இருக்காம், அன்னிக்குத்தான் நான் அத மொத தடவை கைல வாங்கிப் பாத்தேன். உதடு வீங்கி மூச்சு இழுத்தா யோசிக்காம தொடையோட வெளிப்பக்கம், உடுப்பு மேலயே போடலாம், போட்டுட்டு ஆம்புலன்ஸ கூப்பிடணும், குழந்தைய படுக்க வெச்சு கால தூக்கி வெக்கணும், மூச்சு விட கஷ்டமா இருந்தா சாஞ்சு உக்கார விடலாம், எழுப்பி நடக்க மட்டும் விடக் கூடாது, அஞ்சு நிமிஷத்துல தேறலன்னா ரெண்டாவது ஊசி. அப்பறம்லேர்ந்து தனி தட்டுக்கு தனி மேசை, தனி ஆள், தனி கத்தி. அந்த ஆள் அடுத்த மேசைக்கு உதவப் போகவே கூடாது, எவ்ளோ கூட்டம்னாலும்.

பரிசுப் பொருள்ல லைட் எரியுற மோதிரம், சின்ன பொம்மை எல்லாம் மொத்தமா வாங்கினோம், ஸ்க்ரூ இல்லாம நகத்தால திறக்குற மூடி, உள்ள பட்டன் பேட்டரி. ஒரு குழந்தை முழுங்கி அது உணவுக்குழாய்ல மாட்டிக்கிட்டா ரெண்டு மணி நேரத்துல அங்க வெந்து போயிரும். பெட்டியோட திருப்பி அனுப்பிட்டு பென்சில் வாங்கினோம்.

தொலைஞ்சு போன குழந்தைக்கு முதல் வருஷம் மைக்ல பேரும் என்ன டிரஸ்னும் அறிவிச்சோம். அது தப்புன்னு பின்னாடிதான் புரிஞ்சுது, தப்பான ஆளுக்கு அந்தப் பேர நாமளே எடுத்துக் குடுக்குறோம். இப்போ வாசல்லயே கைல பட்டை கட்டி அம்மா அப்பா போன் நம்பர் மட்டும் எழுதுறோம், குழந்தை கெடச்சா மைக்ல பேசாம நேரா போன் போடுறோம், காணோம்னு யாராவது வந்தா முதல் வேலை ரெண்டு கேட்டுக்கும் சொல்றது, தேடுறது அதுக்கப்பறம். போன வருஷம் ஒரு நாலு வயசுப் பாப்பா பதினோரு நிமிஷம் காணல, மேடைக்குப் பின்னாடி நாற்காலி அடுக்குக்குள்ள தூங்கிட்டு இருந்தா. அந்தப் பதினோரு நிமிஷமும் கேட்ல நின்னவங்க யாரையும் கேக்காம வெளிய விடல, ஒருத்தரும் கோச்சுக்கல.

வண்டிங்களுக்கு கேட் திறக்குறதுக்கு அரை மணி முன்னாடியே மைதானத்துல தடை, முடிஞ்சப்பறம் கடைசிக் குழந்தை வெளிய போற வரைக்கும் தடை. முடிஞ்சப்பறம்தான் கவனமா இருக்கணும், எல்லாருக்கும் களைப்பு, சீக்கிரம் சாமான ஏத்திட்டுப் போகணும்னு ரிவர்ஸ் எடுத்துட்டு வருவாங்க, குழந்தைங்க கீழ விழுந்த டோக்கன பொறுக்கிட்டு குனிஞ்சு இருக்கும். சூடு எண்ணெயையும் அப்போ யாரும் தூக்கக் கூடாது, ஆறுற வரைக்கும் பக்கத்துல ஒரு ஆள் உக்காந்திருக்கணும். எங்க பேப்பர்ல அதுக்கு கையில தழும்போட இருக்கிற அந்த அப்பாவே பேர் குடுத்திருக்கார்.

இந்த வருஷம் காத்து மீட்டர ஒன்பதாங்கிளாஸ் பொண்ணு ஒருத்திகிட்ட குடுத்தோம், சயின்ஸ் மிஸ் கூட நிக்கிறாங்க, ஆனா நோட்டும் விசிலும் அவகிட்ட. மத்தியானம் நான் டீ குடிச்சுட்டு இருக்கும்போது விசில் சத்தம் கேட்டு ஓடிப் போனேன், குழந்தைங்க எல்லாம் ஏற்கனவே கீழ இறங்கி நிக்கிது, வாடகைக்காரர் ஒண்ணும் பேசாம மோட்டார அணைச்சுட்டு இருக்கார். அவ நோட்ட என்கிட்ட நீட்டி, "31 ஆன்ட்டி, நான் ரெண்டு தடவை பாத்துட்டேன்"னா.